ஆன்லைன் டெஸ்ட்டில் 'பார்டர்லைன்' என்று வந்தால் ஆளுமைக் கோளாறு உறுதியா?

இல்லை. டெஸ்ட் சந்தேகத்தைக் கிளப்பலாம், அவ்வளவுதான். பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு என்பது உணர்ச்சிகளும் உறவுகளும் நிலையில்லாமல் அலைபாயும் மனநலப் பிரச்சினை; இதை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. மனநல மருத்துவர் விரிவாகப் பேசித்தான் கண்டறிய வேண்டும்.

டிஎஸ்எம்-5 (மனநலக் கோளாறுகளைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் கையேடு) கணக்குப்படி 9 அறிகுறிகளில் குறைந்தது 5 இருக்க வேண்டும்: விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற தீராத பயம், ஒருவரை இன்று தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிவிட்டு நாளை வெறுப்பது, தன்னையே காயப்படுத்திக்கொள்வது போன்றவை. எண்ணிக்கை மட்டும் போதாது. இளவயதிலேயே தொடங்கி, வீடு, வேலை, நட்பு என்று பல இடங்களிலும் தொடர்ந்திருக்க வேண்டும். காதல் முறிந்த மாதத்தில் மட்டும் அப்படி இருந்தால் கணக்கில் வராது.

பெரும்பாலும் பிசகுவது இங்கேதான்: கடும் மனச்சோர்வில் இருப்பவர் தன் சுபாவமே இதுதான் என்று சொல்லிவிடுவார். அதனால் பள்ளிக்காலத்திலிருந்து கேட்க வேண்டும். சம்மதத்தோடு குடும்பத்தாரிடமும் பேச வேண்டும். பைபோலார் (மனநிலை அளவுமீறிய உற்சாகத்துக்கும் கடும் சோர்வுக்கும் மாறிமாறிப் போகும் நோய்), போதைப் பழக்கம் காரணமா என்றும் பார்க்க வேண்டும்.

தன்னைக் காயப்படுத்தும் எண்ணம் இருந்தால், டெஸ்ட் முடிவு எதுவானாலும் இன்றே மருத்துவரைப் பாருங்கள்.