தேனீக்களிடம் சாவுச் செய்தி சொன்ன வீடுகள்

கேள்வி: ஸ்பெயின், பிரான்ஸ் எல்லையில் இருக்கும் பாஸ்க் நாட்டின் பண்ணைப் பொருட்களின் படங்களைப் பார்த்தேன். ஏர், அரிவாளுக்கு நடுவே, செதுக்கிய மரப்பலகையில் மெழுகுத்திரியைச் சுற்றி வைத்திருக்கிறார்கள். அதற்கு அங்கே என்ன வேலை? (தேனி வாசகி)

பதில்: அதற்கு அர்கிசயோலா என்று பெயர். அங்கே தேவாலயத்துக்குள் ஒவ்வொரு பண்ணைவீட்டுக்கும் தனி இடம் இருந்தது. ஒரு காலத்தில் வீட்டில் இறந்தவர்களை அந்தத் தரைக்கு அடியிலேயே புதைத்தார்கள், அது நின்றுபோன பிறகும் இடம் அந்த வீட்டுக்கே சொந்தமாக இருந்தது. துக்கம் நடந்த வீட்டின் தலைவி அங்கே உட்கார்ந்து இந்தத் திரியை ஏற்றுவார், எரிய எரியச் சுற்றை அவிழ்த்துவிட்டுக்கொண்டே இருப்பார். செத்தவருக்கு வழி தெரிய வெளிச்சம் வேண்டும் என்பது நம்பிக்கை. இறந்தவருக்கான கடமை பாதிரியாரோடு முடிவதில்லை, வீட்டுத் தலைவிக்கும் அதில் பெரிய பங்கு இருந்தது.

சரி, மெழுகு எங்கிருந்து வரும்? வீட்டுத் தேன்கூட்டிலிருந்துதான். அதனால் குடும்பத் தலைவர் இறந்தால் ஒருவர் கூடுகளிடம் போய், "குட்டித் தேனீக்களே, எஜமானர் போய்விட்டார், தேவாலயத்தில் விளக்கு வேண்டும், மெழுகு செய்யுங்கள்" என்று சொல்லுவார். எனக்கு இந்த வழக்கத்தில் மிகவும் பிடித்தது, தேனீக்களையும் துக்க வீட்டாராகவே நினைத்துச் செய்தி சொன்னதுதான். அட்டாவுன் ஊரில் பிறந்த பாதிரியாரும் ஆய்வாளருமான ஹோசே மிகெல் தெ பாரந்தியாரன் (1889–1991) இப்படிப்பட்ட வழக்கங்களை ஊர் ஊராகப் போய்க் கேட்டுப் பதிவு செய்தார். அர்கிசயோலாவை இன்றும் தேவாலயத்தில் ஏற்றுகிற ஊர் என்றால் கிபுஸ்கோவா மாகாணத்து அமெஸ்கெட்டாதான்.

கேள்வி: மாடு இருக்கும்போது பாஸ்க் விவசாயிகள் கையால் ஏன் உழுதார்கள்? (ஈரோடு வாசகர்)

பதில்: லாயா என்ற கைக்கருவியைக் கேட்கிறீர்கள். ஒரு லாயாவுக்கு இரண்டு நீளமான இரும்பு முனைகள், மேலே மரப்பிடி. ஒரு கைக்கு ஒரு லாயா. செங்குத்தான சரிவில் மாட்டை ஓட்ட முடியாது, சில வீடுகளில் மாடே கிடையாது. அதனால் நாலைந்து பேர் வரிசையாக நின்று, ஒன்றாகக் குத்தி, காலால் மிதித்து, ஒரே நேரத்தில் மண்ணைப் புரட்டுவார்கள். ஒருவர் பிந்தினாலும் கட்டி பெயராது! ஆணும் பெண்ணும் சேர்ந்து செய்த வேலை, இடுப்பை ஒடிக்கும் வேலையும்கூட. இப்போது ஸ்பெயினின் நவார்ராப் பகுதியில் இருக்கும் அர்தஹோனா ஊரில் லாயா மேல் ஏறி ஓடும் பந்தயம் நடக்கிறது.

கேள்வி: பாஸ்க் வீடுகளின் வாசல் கதவில் காய்ந்த பூ ஒன்றை அடித்து வைத்திருக்கிறார்களே? (மதுரை வாசகி)

பதில்: அது எகுஸ்கிலோரே, மலையில் பூக்கும் முள்பூ. ராத்திரியில் வருகிற சூனியக்காரி அதன் இழைகளை எண்ணித் தீர்க்காமல் உள்ளே நுழைய முடியாது, எண்ணுவதற்குள் விடிந்துவிடும் என்பது நம்பிக்கை. இடிமழை வந்தால் கோடாரியைக் கூர்ப்பக்கம் மேலாக வாசலில் வைப்பதும் உண்டு. அடுப்புக்கு மேலே தொங்கும் சங்கிலிக்கும் பங்கு இருக்கிறது, புதிதாக வந்த பூனை ஓடிப்போகாமல் இருக்க அதை அந்தச் சங்கிலியைச் சுற்றிக் கொண்டுவருவார்கள். அப்புறம், சாய்ந்த வடிவில் குடைந்த மரப் பால்பாத்திரம் காய்கு. மரத்தை அடுப்பில் வைக்க முடியாதே, அதனால் நெருப்பில் காய்ந்த கற்களைப் பாலுக்குள் போட்டுக் கொதிக்க வைத்தார்கள். அந்தத் தீய்ந்த ருசியோடு உறைந்த செம்மறி ஆட்டுப்பாலை இன்றைக்கும் விரும்பிச் சாப்பிடுகிறார்கள்.