சோம்பேறித்தனம்னு நினைச்சது ஏடிஹெச்டியா இருக்குமா?

கேள்வி: எனக்கு 36 வயசு, ஈரோட்டுல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்கறேன். போன மாசம் என் 8 வயசு பையனுக்கு ஏடிஹெச்டி, அதாவது கவனக்குறைவு, அதீத துறுதுறுப்புக் கோளாறுன்னு சொன்னாங்க. டாக்டர் ஒவ்வொண்ணா கேக்க கேக்க எனக்கு வயித்துல என்னமோ பண்ணுச்சு, ஏன்னா பாதிக்கு மேல என்னைப் பத்தி கேக்கற மாதிரியே இருந்துச்சு. வீட்டுக்காரர்கிட்ட சொன்னா சிரிக்கறார். நான் ஓடியாடுற ஆளே இல்ல, ஸ்கூல்ல எப்பவும் முதல் மூணு ரேங்க். பொம்பளைங்களுக்கும் இது வருமா, இல்ல என் சோம்பேறித்தனத்துக்கு ஒரு பேர் தேடறேனா? யாரைப் பாக்கணும்? மாத்திரை போட்டே ஆகணுமா?

பதில்: பொம்பளைங்களுக்கும் உண்டு. "வருமா"ன்னு கேட்டிருக்கீங்க, அதுல மட்டும் ஒரு சின்ன திருத்தம், இது 36 வயசுல புதுசா வந்து ஒட்டிக்கிற விஷயம் இல்ல, சின்னதுலேர்ந்தே கூட இருக்கறது, கண்ணுல படறதுதான் இப்ப. பையனைக் காட்ட வந்த இடத்துல அம்மா "டாக்டர், நானும் இப்படித்தான்"னு மெதுவா ஆரம்பிக்கறது எங்களுக்கு ரொம்ப பழக்கமான காட்சி. இரட்டைப் பிள்ளைங்களை வச்சு பண்ணின ஆராய்ச்சிகள்ல இதுல பரம்பரையோட பங்கு 70லேர்ந்து 80 சதவீதம்னு வருது, கிட்டத்தட்ட நம்ம உயரம் எப்படியோ அப்படி. அதனால உங்களுக்குத் தோணினதுல சிரிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல.

அப்ப ஏன் இத்தனை வருஷம் யாரும் சொல்லல? ஏடிஹெச்டின்னாலே நமக்கு ஞாபகம் வர்றது பெஞ்சு மேல ஏறி குதிக்கற பையன். கிளாஸைக் கலைக்கறவனைப் பத்திதான் மிஸ் டைரில எழுதி அனுப்புவாங்க, அவனைத்தான் டாக்டர்கிட்ட கூட்டிட்டு வருவாங்க. ஜன்னலோரமா உக்காந்து எங்கயோ பாத்துட்டிருக்கற பொண்ணை யாரு கூட்டிட்டு வரப்போறா, அது "தங்கமான பொண்ணு, கேர்லெஸ் மிஸ்டேக் மட்டும் விடும்". குழந்தைங்கள்ல இதுன்னு சொல்லப்படறது பொண்ணுங்களைவிட பையன்கள் ரெண்டு மூணு மடங்கு அதிகம், ஆனா பெரியவங்களை எடுத்துப் பாத்தா அந்த வித்தியாசம் ரொம்பவே குறைஞ்சுடுது. இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, இதுக்குத் தர்ற மருந்துல பேர்போன ரிட்டாலின் இருக்கே, அதுல இருக்கற மெத்தில்ஃபெனிடேட்டை 1944ல சுவிட்சர்லாந்துல சீபா கம்பெனில பனிசோன்னு ஒரு கெமிஸ்ட் தயாரிச்சார், ரிட்டாலின்ங்கற பேர் அவர் மனைவி ரீட்டா பேர்லேர்ந்து வந்ததுதான், அந்தம்மா அதைப் போட்டுட்டு டென்னிஸ் ஆடுவாங்கன்னு சொல்றது உண்டு. வளர்ந்த பொம்பளை ஒருத்தி பேர்ல இருக்கற மாத்திரை, ரொம்ப காலத்துக்கு சின்னப் பையன்களோட மாத்திரையாவே இருந்துச்சு.

சரி, வீட்டுல இது எப்படி இருக்கும்? காலைல 6 மணி, அடுப்புல பால் வைக்கறீங்க. மறந்துடுவோம்னு தெரியும், அதனால டைமர் வைக்க போனை எடுக்கறீங்க, ஸ்கூல் வாட்ஸப் குரூப்புல இன்னிக்கு சார்ட் பேப்பர் வேணும்னு மெசேஜ், அய்யோன்னு அலமாரியைத் திறந்தா போன வாரம் பூரா தேடின கேஸ் புக் அங்க கிடக்கு, அதைப் பாத்ததும் சிலிண்டர் சொல்லலயேன்னு ஞாபகம், நம்பரை அடிக்கறதுக்குள்ள சமையல்கட்டுலேர்ந்து தீய்ஞ்ச வாசனை. பால் பொங்கினா நல்லதும்பாங்க, சில வீட்ல தினமும் நல்லதுதான். நேத்து ராத்திரி வாஷிங் மெஷின்ல போட்ட துணி அதுக்குள்ளயே கிடந்து நாறுது, அதை திரும்ப ஒருதடவை ஓட விடணும்.

இந்த பத்து நிமிஷத்துல நீங்க ஒரு நிமிஷம்கூட சும்மா இல்லங்கறதைக் கவனிங்க. கவனம் இல்லாம இல்ல, கவனத்தைப் பிடிச்சு ஒரு இடத்துல நிறுத்தற பிரேக்தான் லூசு. அதே நீங்க ஜூலை கடைசில ரிட்டர்ன் ஃபைல் பண்ற கெடு நெருங்கும்போது சாப்பாடுகூட ஞாபகமில்லாம ஆறு மணி நேரம் உக்காந்து முடிச்சிருப்பீங்க. அதைப் பாத்துட்டுதான் "மனசு வச்சா செய்றா பாரு"ன்னு வீட்ல சொல்றது. மனசு வைக்கறதில்ல விஷயம், கெடுவோட பயமும் அவசரமும் அந்த பிரேக்கோட வேலையைத் தற்காலிகமா பாத்துக்குது, அவ்வளவுதான்.

இன்னொண்ணு, எனக்கு இதுதான் முக்கியம். "மறதி இருக்கா"ன்னு கேட்டா நிறைய பொண்ணுங்க இல்லன்னுதான் சொல்வாங்க, "மறக்காம இருக்கறதுக்கு என்னெல்லாம் பண்றீங்க"ன்னு கேட்டாத்தான் கதை வெளில வரும். போன்ல பதினாலு அலாரம், லேட் ஆயிடும்னு ஒரு மணி நேரம் முன்னாடியே போய் பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருக்கறது, ஒரு மெயிலை நாலு தடவை படிச்சு அனுப்பறது, பகல்ல விட்டதை எல்லாரும் தூங்கினப்புறம் ராத்திரி 1 மணி வரைக்கும் உக்காந்து முடிக்கறது, விருந்தாளி வர்றாங்கன்னா எல்லாத்தையும் அள்ளி ஒரு ரூம்ல போட்டுப் பூட்டறது. வெளில பாத்தா நேர்த்தியான பொம்பளை, உள்ள மோட்டர் ஓடிட்டே இருக்கும். பையன் உடம்பால ஓடறான், நீங்க மண்டைக்குள்ள ஓடறீங்க. அது போக அடுத்தவங்க பேசி முடிக்கறதுக்குள்ள நடுவுல பூந்து பேசறது, ராத்திரி ஆன்லைன்ல எதையாவது வாங்கிட்டு காலைல வருத்தப்படறது, யாராவது லேசா ஒரு வார்த்தை சொன்னா ரெண்டு நாள் அதையே நினைச்சு அழறது, இதெல்லாமும் நிறைய பேர் சொல்வாங்க.

ரேங்க் பத்தி. பிளஸ் டூல 1200க்கு 1100 எடுத்துட்டு காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன முதல் செமஸ்டர்லயே ரெண்டு அரியர் வச்ச கதை ஏராளம். வீட்ல அம்மா எழுப்பி விட்டு, பக்கத்துல உக்காந்து, டைம்டேபிள் போட்டுப் படிக்க வச்சாங்க, அந்த சாரம் போனதும் கட்டடம் சரிஞ்சுது. கல்யாணம் ஆனப்புறம் இது இன்னும் மோசம், ஏன்னா இப்ப வீட்டுல எல்லாருக்கும் நீங்கதான் அலாரம். இதே கோளாறு இருக்கற ஆம்பளைக்கு பில் கட்டணும், சாவியை எடுத்துக்கோன்னு ஞாபகப்படுத்த பெரும்பாலும் மனைவி இருக்கா. அதுக்கு மேல ஹார்மோன் வேற, ஈஸ்ட்ரஜன் குறையற நேரத்துல மூளைல கவனத்துக்கு உதவற டோபமின்ங்கற ரசாயனத்தோட வேலையும் தொய்யும், பீரியட்ஸுக்கு முந்தின வாரமும் நாப்பதுகள்ல மாதவிடாய் நிக்கற சமயத்துலயும் எல்லாம் கைமீறிப் போகுதுன்னு சொல்றவங்க அதிகம்.

இதையெல்லாம் படிச்சுட்டு உடனே முடிவு கட்டிடாதீங்க. ரீல்ஸ் பாத்துட்டு எனக்கு இதுதான்னு வர்றவங்கள்ல சில பேருக்கு தைராய்டு, சிலருக்கு இரும்புச்சத்தோ பி12ஓ குறைவு, சிலருக்கு வெறும் தூக்கமின்மை, சிலருக்கு டிப்ரெஷன். பிரிச்சுப் பாக்கறதுக்கு பெரிய துப்பு, இது எப்ப ஆரம்பிச்சதுங்கறதுதான். குழந்தை பிறந்தப்புறமோ வேலை மாறினப்புறமோ ஆரம்பிச்சதுன்னா வேற காரணம் தேடணும். மனநலக் கோளாறுகளைக் கண்டறிய டாக்டர்கள் பாக்கற அமெரிக்கக் கையேடு, 2013ல வந்த டிஎஸ்எம்-5, அதோட வரையறைப்படி 12 வயசுக்கு முன்னாடியே பல அறிகுறிகள் இருந்திருக்கணும், கவனக்குறைவு சம்பந்தமா சொல்ற ஒன்பதுல பெரியவங்களுக்கு குறைஞ்சது அஞ்சு இருக்கணும், வீடு ஆபீஸ்னு ரெண்டு இடத்துலயாவது தெரியணும், அதனால வாழ்க்கை நிஜமா பாதிக்கப்படணும். உலக சுகாதார நிறுவனத்தோட ஏஎஸ்ஆர்எஸ்னு ஒரு கேள்வித்தாள் இருக்கு, முதல் 6 கேள்வி யாரை மேற்கொண்டு பாக்கணும்னு சலிச்செடுக்க மட்டும்தான், அதுல மார்க் வந்துட்டா முடிவாயிடாது. ஸ்கேன்லயோ ரத்த டெஸ்ட்லயோ இதைக் கண்டுபிடிக்க முடியாது, ரத்த டெஸ்ட் எழுதினா மத்த காரணங்களைத் தள்ளறதுக்குதான்.

பாக்க வேண்டியது சைக்கியாட்ரிஸ்ட், கூடவே கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் இருந்தா நல்லது. அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிகள்ல மனநலப் பிரிவு இருக்கு, எங்க போறதுன்னே தெரியலன்னா டெலிமானஸ்ங்கற அரசாங்க மனநல ஹெல்ப்லைன் 14416ல தமிழ்லயே பேசலாம். பெரியவங்களுக்கு இது பாத்துப் பழக்கம் உண்டான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க, கேக்கறது தப்பே இல்ல. பழைய ரேங்க் கார்டு இருந்தா எடுத்துட்டுப் போங்க, உங்க அம்மாவைக் கூட்டிட்டுப் போக முடிஞ்சா அதைவிட சாட்சி கிடையாது.

மாத்திரை கட்டாயம் இல்ல, ஆனா பயந்து ஒதுக்கவும் வேண்டாம். மெத்தில்ஃபெனிடேட் போட்ட அன்னிக்கே வேலை செய்யும், பசி தூக்கம் குறையலாம், நாடித்துடிப்பும் பிபியும் கொஞ்சம் ஏறலாம், அதனால மொதல்ல இதயம் பிபி எல்லாம் பாத்துட்டுதான் ஆரம்பிக்கறது. சட்டக் கட்டுப்பாடு உள்ள மருந்து, எல்லா மெடிக்கல்லயும் கிடைக்காது. அடோமாக்ஸெடின் இன்னொரு வகை, பலன் தெரிய சில வாரம் ஆகும். குழந்தை பெத்துக்கற எண்ணம் இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க. கேக்காமலே ஒண்ணு சொல்றேன், பையனோட மாத்திரைல ஒண்ணை எடுத்துப் போட்டுப் பாக்கலாம்னு தோணும், தயவுசெஞ்சு வேண்டாம்.

டாக்டரைப் பாக்கற வரைக்கும், பால் அடுப்புல இருந்தா அந்த இடத்தை விட்டு நகராதீங்க, டைமர் போன்ல வேண்டாம், முட்டை வேகறதுக்கு விக்கற சாவி டைமர் வாங்கி அடுப்பு பக்கத்துலயே வைங்க. வீட்டுக்காரரையும் கூட வரச்சொல்லுங்க, டாக்டர் கேக்கற கேள்விக்கு பதில் அவர் வாயாலேயே வரட்டும். அப்பாயின்ட்மென்ட் வாங்கினதும் அந்த பதினாலோட இன்னும் ரெண்டு அலாரம், ஒண்ணு முந்தின நாள் ராத்திரிக்கு, இன்னொண்ணு அங்க இருக்க வேண்டிய நேரத்துக்கு இல்ல, வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டிய நேரத்துக்கு.