ஆயிரம் சொல் பட்டியல் வேண்டாம், அந்த ஃபிரெஞ்சுப் புத்தகம் எங்கே?

தம்பி, உங்கள் கேள்வி வந்தபோது நான் லீவில் ஊருக்கு வந்து, கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பாண்டி முத்தியால்பேட்டையில் படித்தவரை இங்கிலீஷில் 90-க்குக் குறையாத பெண், நியூ ஜெர்சி பள்ளியில் வாயே திறப்பதில்லை. ஆயிரம் கடினச் சொற்கள் உள்ள புத்தகம் வாங்கியாயிற்று, தினம் 20 மனப்பாடம் செய்தால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள்.

வேண்டாம். 18 வருடம் முன்பு நானும் அதைத்தான் செய்தேன். ஃபிரிட்ஜ் கதவில் பட்டியல், ஒப்பித்தால்தான் டிவி. என் மகன் ஒரு கட்டுரையில் கடலூர்ப் பாட்டி வீட்டை ‘ஹவுஸ்’ என்று எழுதாமல் ‘டொமிசைல்’ என்று எழுதிவைத்தான். டீச்சர் வட்டம் போட்டு, “பாட்டி மேல் ஏதாவது வழக்கா?” என்று ஓரத்தில் கேட்டிருந்தார். பொருள் சரிதான், ஆனால் அது வக்கீல் வாயில் வருகிற சொல். நாம் மாத்திரையைப் ‘போடுகிறோம்’, தின்பதில்லை இல்லையா? எந்தச் சொல் எதோடு சேரும் என்பது ஒப்பித்தால் வராது. சொல்லை அது வந்த வாக்கியத்தோடு எழுதிவைத்தால் மெல்ல வரும்.

அப்புறம், அந்தப் புத்தகத்துக்கு இருந்த தேவையே போய்விட்டது. அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கு எழுதும் எஸ்ஏடி தேர்வில் 2016-லேயே அரிய சொற்களைக் கழித்துக்கட்டினார்கள். அமெரிக்காவில் 2024-ல் தேர்வு கணினிக்கு மாறியபின், ஒரு குட்டிப் பத்தியைக் கொடுத்து அந்த இடத்தில் எந்தச் சொல் பொருந்தும் என்கிறார்கள்.

உங்கள் பெண் தடுக்கி விழுவது சயின்ஸ், ஹிஸ்டரி இரண்டிலும் வரும் ‘அஸ்யூம்’, ‘இன்ஃபர்’, ‘வேர்ஆஸ்’, ‘நெவர்தலெஸ்’ மாதிரி நடுவாந்தரச் சொற்களில்தான் இருக்கும். நியூசிலாந்தில் ஏவரில் காக்ஸ்ஹெட் என்பவர் 2000-ல் இப்படி 570 சொற்குடும்பங்களை (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்தவையும் ஒரு குடும்பம்) தொகுத்து ‘அகாடமிக் வேர்டு லிஸ்ட்’ என்று வெளியிட்டார். இணையத்தில் கிடைக்கும். பட்டியல்தான் வேண்டுமென்றால் இது ஒன்று போதும். வாரத்துக்குப் பத்துச் சொல்.

போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, தமிழுக்குப் பதில் ஃபிரெஞ்சு எடுத்தாள், மார்க்குக்காக என்று. அட, அதுதான் அவள் கையிருப்பு! 1066-ல் ஃபிரான்ஸ் பக்கத்து நார்மாண்டிக்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்தபிறகு கோர்ட், அரண்மனை, படிப்பு சார்ந்த சொற்கள் ஏராளமாக ஃபிரெஞ்சிலிருந்து இறங்கின. அதனால் இங்கிலீஷில் வீட்டுக்கு ஒன்று, சபைக்கு ஒன்று என்று ஜோடிகள் உண்டு: ‘பிகின்’, ‘கமென்ஸ்’ போல. பாடப்புத்தகத்தில் சபைச் சொல்தான் நிறைய. ‘மோர்’ நமக்கு வெயிலுக்குக் குடிப்பது, ஃபிரெஞ்சில் சாவு. அதைப் பிடித்தால் மார்ட்டல், இம்மார்ட்டல், மார்ட்டாலிட்டி எல்லாம் பின்னால் வரும். வீட்டுக்கடன் மார்ட்கேஜ்கூடப் பழைய ஃபிரெஞ்சில் ‘செத்த அடமானம்’தான், மாதாமாதம் கட்டுகிறவன் சொல்கிறேன், பெயர் பொருத்தம். ‘ஃபசீல்’ என்றால் சுலபம் என்று தெரிந்தவளுக்கு ‘ஃபெசிலிடேட்’ புதுச் சொல்லே இல்லை. சில சொற்கள் ஏமாற்றும்: ‘லிப்ரேரி’ என்றால் அங்கே புத்தகக் கடை, நூலகம் இல்லை.

பள்ளியில் வீட்டுமொழி கேட்கும் படிவத்தில் தமிழ் என்றே எழுதுங்கள். பரிசோதித்துவிட்டு இங்கிலீஷுக்குத் தனி உதவி தர முன்வந்தால், கௌரவம் பார்த்து மறுக்காதீர்கள். நம் ஆட்கள் நிறையப் பேர் மறுத்துவிட்டுப் பிறகு டியூஷனுக்கு அலைகிறார்கள்.

வாய் திறக்காததற்குக் காரணம் சொல்வளமே இல்லாமலும் இருக்கலாம். ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்று நம் பிள்ளைகள் கை தூக்குவார்கள். அங்கே ‘டவுட்’ என்றால் நீங்கள் சொல்வதை நம்பவில்லை என்று படும். ‘கொஸ்டின்’ என்றுதான் சொல்ல வேண்டும். இப்படி ஏதாவது ஒன்றுக்கு வகுப்பில் யாராவது சிரித்திருப்பார்கள். மெதுவாகக் கேட்டுப் பாருங்கள், உடனே சொல்லமாட்டாள்.

ஃபிரெஞ்சுப் புத்தகங்களை எடைக்குப் போட்டுவிட்டீர்களா? இல்லையென்றால் முத்தியால்பேட்டை வீட்டில் சொல்லிவையுங்கள். அடுத்த வாரம் பாண்டிக்கு ஒரு வேலையாகப் போகிறேன், வாங்கிக்கொள்கிறேன். பெட்டியில் இன்னும் இரண்டு கிலோ இடம் இருக்கிறது.