ஐந்து கிலோவும் ஒரு கையெழுத்தும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஈரானின் ஜூடோ வீரர் ஆரஷ் மிர்எஸ்மாயிலி எடை கூடியதால் நீக்கப்பட்டார் என்று படித்தேன். இருமுறை உலக சாம்பியன் எடையைக் கவனிக்காமல் விடுவாரா? பிறகு என்ன ஆனார்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

விடமாட்டார். 2001 மியூனிக், 2003 ஒசாகா உலகப் போட்டிகள் இரண்டிலும் 66 கிலோ பிரிவில் தங்கம் வென்றவர் அவர். ஏதென்ஸ் தொடக்க விழாவில் ஈரான் கொடியை ஏந்தி வந்தவரும் அவரே. குலுக்கலில் முதல் எதிராளியாக இஸ்ரேலின் எஹுட் வாக்ஸ் வந்தார். இஸ்ரேலை ஏற்காத ஈரான், தன் வீரர்கள் அந்நாட்டவருடன் மோதுவதை விரும்புவதில்லை. எடை பார்ப்பது அதற்குப் பிறகு. எதிராளி யாரென்று தெரிந்துகொண்டே எடைமேடை ஏறலாம், சூட்சுமம் அங்கேதான்.

ஜூடோ வீரர்கள் சாதாரண நாளில் பிரிவு வரம்பைவிடச் சில கிலோ கூடுதலாகத்தான் இருப்பார்கள். கடைசி நாட்களில் உப்பைக் குறைத்து, தண்ணீரை அளந்து குடித்து, கனமான உடுப்போடு ஓடி வியர்த்து இறக்குவார்கள். முந்தைய இரவு ஒரு கிலோ மிச்சமிருந்தால் விடிவதற்குள் சரிசெய்துவிடலாம். அவருக்கு ஐந்து கிலோ அளவுக்குக் கூடுதல் என்று செய்தி வந்தது. பல ஆண்டு அதே பிரிவில் ஆடியவருக்கு இது தற்செயலாக நேராது. பாலஸ்தீனர்களுக்காக மோத மறுத்தேன் என்று அவர் சொன்னதாக ஈரான் செய்தி நிறுவனமே வெளியிட்டது.

எடை கூடினால் அந்தப் போட்டி மட்டும்தான் போகும். வெளிப்படையாக மறுத்தால் கதை வேறு: 2021இல் அப்படி விலகிய அல்ஜீரியாவின் ஃபெத்தி நூரினுக்குப் பத்தாண்டுத் தடை விழுந்தது. மிர்எஸ்மாயிலிக்குத் தண்டனை எதுவுமில்லை. தங்கம் வென்றவருக்குரிய பரிசுத்தொகையை ஈரான் அவருக்குக் கொடுத்தது.

2005, 2007 உலகப் போட்டிகளில் வெண்கலம் வென்றார். பின்னாளில் ஈரான் ஜூடோ கூட்டமைப்பின் தலைவரானார். பாகுபாடின்றி எல்லோருடனும் மோதுவோம் என்று 2019 மே மாதம் சர்வதேச ஜூடோ கூட்டமைப்புக்கு ஈரான் உறுதியளித்த கடிதத்தில் அவர் கையெழுத்தும் உண்டு. எனக்கு ஆறாத விஷயம் இதுதான். மூன்றே மாதத்தில், டோக்கியோ உலகப் போட்டியில், 81 கிலோ நடப்பு சாம்பியன் சயீத் மொல்லாயியை இஸ்ரேலின் சாகி முக்கியுடன் மோத நேராதபடி விலகச் சொல்லி ஈரான் அதிகாரிகள் நெருக்கினார்கள். மொல்லாயி அதை வெளியே சொன்னார். ஊர் திரும்பாமல் ஜெர்மனி போனார். எடைமேடை மறைத்ததை அவர் வாய்மொழி அம்பலமாக்கியது. இம்முறை சிக்கியது ஈரான் கூட்டமைப்பு: 2019 செப்டம்பரில் இடைநீக்கம், மேல்முறையீட்டுக்குப் பின் அது நான்காண்டுத் தடை. மொல்லாயி மங்கோலியக் குடியுரிமை பெற்று, 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றார்.