ஓட்டல் பெட்ஷீட்டுக்கும் வீட்டு பெட்ஷீட்டுக்கும் என்ன வித்தியாசம்? ஓட்டல்ல போடுறதையே வீட்டுக்கு வாங்கலாமா?

கொடைக்கானல்ல ஒரு ஓட்டல்ல பல வருஷமா ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறேன். லீவுக்கு எங்கேயோ தங்கப் போய், அந்த வெள்ளைப் படுக்கையில நல்லாத் தூங்கிட்டு வந்து இதைக் கேட்டிருக்கீங்கன்னு நினைக்கிறேன். இதுக்கு ஒருத்தர், "ஓட்டல்ல பெட்ஷீட்டைத் துவைக்கவே மாட்டாங்க, உதறிப் போடுவாங்க"ன்னு பதில் எழுதியிருக்கார். அதைப் படிச்சதும் மனசு ஆறலை. எல்லா லாட்ஜுக்கும் நான் ஜவாப்தாரி இல்லை. ஆனா எங்க கை படுற பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

நீங்க வீட்டு பெட்ஷீட்டை வாரத்துக்கு ஒரு தடவை பச்சைத் தண்ணியில துவைப்பீங்க. எங்களது ஆள் மாறும்போதெல்லாம் மெஷினுக்குப் போகும். 60 டிகிரிக்கு மேல சுடுதண்ணி, ப்ளீச், ட்ரையர், இஸ்திரி. நூறு தடவைக்கு மேல இதைத் தாங்கணும். அதனால பெரும்பாலும் பருத்தியோட பாலியஸ்டர் கலந்த துணிதான், 60க்கு 40, இல்லைன்னா பாதிக்குப் பாதி. அது தண்ணியை அதிகம் இழுக்காது, சீக்கிரம் காயும், கசங்காது. பெரிய ஸ்டார் ஓட்டல்ல முழுப் பருத்தியும் போடுறாங்க, இல்லைன்னு சொல்லலை. வெள்ளையா இருந்தா சாயம் போற பயமில்லாம ப்ளீச் ஊத்தலாம். ஒண்ணு கிழிஞ்சா வேற செட்ல இருந்து எடுத்துப் போட்டாலும் வித்தியாசம் தெரியாது. கிழிஞ்சதை வெட்டித் துடைக்கிற துணியாக்கிடுவோம்.

ஒரு கட்டிலுக்கு மூணு செட் வச்சிருப்போம். ஒண்ணு கட்டில்ல, ஒண்ணு லாண்ட்ரியில, ஒண்ணு லினன் ரூம் அலமாரியில. ஐப்பசி, கார்த்திகையில அது பத்தாது. மேகம் இறங்கிட்டா கொடியில போட்ட பருத்தித் துணி ரெண்டு நாளானாலும் காயாது. நடுத்துணி காஞ்சிருக்கும், மடிச்சுத் தைச்ச ஓரம் காஞ்சிருக்காது. நான் அந்த ஓரத்தைக் கன்னத்துல வச்சுப் பார்த்துட்டுத்தான் மடிப்பேன். அப்படியே அலமாரியில வச்சா பூசண வாடை வந்துடும்.

இவ்வளவு பார்த்தும் ஒரு டிசம்பர் ராத்திரி சென்னைக் குடும்பம் ஒண்ணு, படுக்கை ஈரமா இருக்குன்னு கூப்பிட்டாங்க. புதுசு கொண்டுபோய் மாத்தினேன். அதுவும் ஈரம்னாங்க. "ஈரத்துணியைப் போட்டு ஏமாத்துறீங்களா"ன்னு அந்த சார் சத்தம் போட்டார். மதியமே ட்ரையர்ல காஞ்சு இஸ்திரி ஆகி வந்த துணி அது. நம்ம தோல்ல ஈரத்தை உணரன்னு தனியா ஒண்ணும் கிடையாது. தொடுறதையும் குளிர்ச்சியையும் வச்சுத்தான் ஈரம்னு மூளை முடிவு பண்ணுது. 7,000 அடி உயரத்துல, ஹீட்டர் போடாத ரூம்ல, வழுவழுன்னு இருக்கிற துணி ஈரமாத்தான் தோணும். ரெண்டு சுடுதண்ணிப் பையை நிரப்பி ரஜாய்க்குள்ள வச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சு அந்தம்மா கையை உள்ளே விட்டுப் பார்த்து, "இப்ப காஞ்சிருச்சு"ன்னாங்க. துணி அதேதான். காலையில "ஈரப் படுக்கை"ன்னு ரிவ்யூ போட்டுட்டுப் போயிட்டாங்க. மேனேஜர் என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்டார்.

சொல்ல வந்துட்டேன், இதையும் சொல்லிடுறேன். சீசன்ல நாங்க வேலைக்கு வந்து சேர்றதே பெரும்பாடு. பெருமாள்மலைப் பக்கத்துல இருந்து வர்ற பஸ் கார் வரிசையில மாட்டிக்கும், பாதியில இறங்கி நடப்போம். 2024 மே மாசத்துல இருந்து, மலைக்கு வர்ற வெளியூர் வண்டிங்க முன்கூட்டியே ஆன்லைன்ல எடுக்கிற இ-பாஸ் இருக்கு, லீவு நாள்ல வரிசை குறைஞ்ச மாதிரி எனக்குத் தெரியலை. லேட்டா வந்தா அரைநாள் சம்பளம் போச்சு. ஆனா செக்-இன் நேரத்துக்கு ரூம் ரெடியா இருக்கணும்.

சரி, உங்க விஷயம். மதுரை, திருச்சி மாதிரி வெக்கை ஊர்னா முழுப் பருத்தியே வாங்குங்க, கலப்புத் துணி வேர்வைக்கு ஒட்டும். மலையில வீடுன்னா கலப்புத் துணி கைகொடுக்கும். த்ரெட் கவுண்ட் 200ல இருந்து 300 போதும். ஒரு சதுர அங்குலத்துல நெடுக்கும் குறுக்கும் ஓடுற இழைகளோட கூட்டுத்தொகை அது. ஆயிரம்னு அட்டையில போட்டிருந்தா, முறுக்கி நெய்த இழையைப் பிரிச்சுப் பிரிச்சு எண்ணியிருப்பாங்க. கரூர் பக்கம் போனா விசாரிச்சு வாங்குங்க, பெட்ஷீட்டுக்குப் பேர் போன ஊர்.

என்னைக் கேட்டா, உங்களுக்குப் பிடிச்சது துணியே இல்லை, அதை விரிச்ச விதம். கட்டிலை விடப் பெரிய அளவா வாங்கி, கால்மாட்டுல ஒரு முழமாவது மெத்தைக்கு அடியில தள்ளுங்க. பக்கவாட்டுத் துணியை முக்கோணமாத் தூக்கி மெத்தை மேல வச்சு, கீழே தொங்குறதை முதல்ல செருகி, அப்புறம் முக்கோணத்தை இறக்கிச் செருகுங்க. ராத்திரி முழுக்கப் புரண்டாலும் கலையாது. மெத்தைக்கு மேல ஒரு ப்ரொடெக்டர், அதாவது மெத்தையில கறை படாம காக்குற உறை, போடுங்க. கால்மாட்டுல நாங்க போடுற கலர் பட்டைத் துணி, வந்தவங்க பெட்டியையும் வெளி உடுப்போட உட்கார்றதையும் தாங்கறதுக்கு. வீட்டுக்கு அது வேண்டாம்.