ஆதியாகமத்தின் முதல் அதிகாரங்கள் அன்றாட வாழ்வுக்கு உதவுமா?

பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தில் வரும் ஏதேன் தோட்டமும், ஆதாமின் மகன் காயீனின் கதையும் நம் அன்றாட வேலைக்கும் வீட்டுச் சண்டைக்கும் என்ன சொல்ல முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையவே சொல்கின்றன.

தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் ஆதாமுக்குக் கட்டளை வருவது 2-ஆம் அதிகாரத்தில். ஆதாமின் மீறுதலுக்குப் பின் சாபத்தோடு வந்த முள்ளும் வேர்வையும் 3-ஆம் அதிகாரத்தில்தான் வருகின்றன. ஆகவே திருநெல்வேலி மாவட்டத்து இடையன்குடிப் பக்கம் பனையேறுகிறவரின் உழைப்பு சாபமல்ல. தாமிரபரணியில் சாக்கடையை விடுவதோ, ‘காக்க’ என்ற சொல்லையே மீறுவது.

என்னை அதிகம் உலுக்குவது 4-ஆம் அதிகாரம். காயீன் தன் தம்பி ஆபேலைக் கொல்வதற்கு முன்பே, “உனக்கு ஏன் எரிச்சல் உண்டாயிற்று?” என்று கர்த்தர் அவனிடம் கேட்கிறார். அவன் அதற்குச் சொன்ன பதில் எதுவும் எழுதப்படவில்லை. வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்திய அண்ணன் தம்பி ஒரே ஆலயத்தில் ஆளுக்கொரு மூலையில் அமர்வதைக் காணும்போதெல்லாம் அந்தக் கேள்வி நெஞ்சில் தைக்கிறது. சபையார் கூடி உண்ணும் அசனப் பந்தியில் உட்காருமுன் அதற்குப் பதில் சொல்லுங்கள். பிறகு தம்பி வீட்டுக்கு நடந்து போங்கள்.