வீட்டுத் தோட்டம்: கேள்வி-பதில்

கேள்வி: புது வீட்டின் பின்பக்கம் 20-க்கு 15 அடி இடம் இருக்கிறது. மா, சப்போட்டா, கொய்யா, எலுமிச்சை, மாதுளை என எல்லாம் வைக்க ஆசை. போர்த் தண்ணீர்தான், பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிறது. எதை வைக்கலாம்?
- வாசகி, திருநகர்

பதில்: நர்சரிக்குக் கிளம்பும் முன் அந்தத் தண்ணீரை ஒரு வாய் கொப்பளித்துப் பாருங்கள். பக்கெட்டில் வெள்ளையாகப் படிவது சுண்ணாம்பு. நாக்கில் கரிப்பது உப்பு. இரண்டையும் சேர்த்து 'உப்புத் தண்ணீர்' என்றுதான் சொல்கிறோம், ஆனால் செடிக்கு இரண்டும் வேறு வேறு நோய். உப்பு அதிகமானால் முதிர்ந்த இலையின் நுனியும் ஓரமும் தீய்ந்து பழுப்பாகும். சுண்ணாம்பு அதிகமானால் இளம் இலை வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். ஒன்றுக்கான மருந்து மற்றதற்கு உதவாது.

அரை லிட்டர் தண்ணீரும் ஒரு கிலோ மண்ணும் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். மதுரை ஒத்தக்கடை வேளாண் கல்லூரியில் விசாரித்தால் வழி சொல்வார்கள். அறிக்கையில் ஈ.சி. என்று ஓர் எண் இருக்கும். கரைந்த உப்பு எவ்வளவு என்று காட்டுவது அது (அலகு dS/m). நீரில் அது 1-க்குள் இருந்தால் அநேகமாக எல்லா மரமும் வரும். 2-ஐத் தாண்டினால் மாவையும் எலுமிச்சையையும் மறந்துவிடுங்கள். சப்போட்டா, மாதுளை, கொய்யா ஆகியவை ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

இனி இடம். உங்களிடம் இருப்பது 300 சதுர அடி. ஒரு சப்போட்டா வளர்ந்து விரிந்தால் அந்த இடம் முழுவதும் அதற்கே போதாது, மாவும் அப்படித்தான். அதனால் கொய்யா ஒன்று, மாதுளை ஒன்று, மூலையில் ஒரு கறிவேப்பிலை. இதற்கு மேல் வைத்தால் எதிலும் காய் பார்க்க மாட்டீர்கள். 20 அடி நீளத்தில் ஒரு சுவரிலிருந்து 5 அடி தள்ளிக் கொய்யா, எதிர்ச் சுவரிலிருந்து 5 அடி தள்ளி மாதுளை. நடுவில் 10 அடி கிடைக்கும். செப்டிக் டேங்க் அந்தப் பக்கம் இருந்தால் இன்னும் தள்ளி வையுங்கள்.

புது வீட்டில் பலரும் ஏமாறும் இடம் குழிதான். கொத்தனார் வேலை முடிந்ததும் சிமெண்ட் கலவை, உடைந்த செங்கல், சுண்ணாம்புத் தூள் எல்லாவற்றையும் பின்பக்கம் கொட்டி மேலே ஒரு லோடு செம்மண் பரப்பியிருப்பார்கள். மேலே பார்த்தால் அருமையான மண், ஓர் அடி தோண்டினால் கட்டட இடிபாடு. கொய்யாவுக்கு ஒன்றரை அடி நீள, அகல, ஆழக் குழி என்பது நல்ல மண்ணுக்குச் சொன்ன கணக்கு. நீங்கள் இரண்டரை அடி தோண்டி, வெளியே வருவதில் கல்லையும் காரையையும் மொத்தமாக அப்புறப்படுத்துங்கள். இரண்டு வாரம் வெயிலில் ஆறவிட்டு, மேல்மண்ணுடன் மக்கிய தொழுவுரம் 10 கிலோ, வேப்பம்புண்ணாக்கு 1 கிலோ கலந்து நிரப்புங்கள். மக்காத சாணியைப் போட்டால் சூடேறி வேர் வெந்துபோகும், கறையானும் வரும்.

கொய்யாவில் லக்னோ-49 ரகப் பதியன் (தாய்மரக் கிளையிலேயே வேர்விடச் செய்து எடுத்த கன்று) கேளுங்கள். விதைக்கன்று விலை குறைவு, ஆனால் காய் எப்படி இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஐப்பசி மழை பிடித்ததும் நடுங்கள். கொய்யா புதுத் துளிரில்தான் பூக்கும். எனவே காய்க்கத் தொடங்கியபின் பிப்ரவரி-மார்ச்சில் ஒரு முறை, செப்டம்பர்-அக்டோபரில் ஒரு முறை, போன பருவத்தில் வளர்ந்த நுனிகளை 10-15 செ.மீ. அளவுக்கு வெட்டிக் கவாத்து செய்யுங்கள். மரமும் கை எட்டும் உயரத்திலேயே நிற்கும்.

தண்ணீரைத் தினமும் ஒரு குடம் ஊற்றாதீர்கள். மேலாக ஊற்றும் நீர் ஆவியாகி, உப்பை வேரடியில் விட்டுப் போகும். கன்று வேர் பிடித்தபின் நான்கைந்து நாளுக்கு ஒரு முறை பாத்தி நிறைய விட்டால் உப்பு கீழே இறங்கும். பாத்தியில் நாலு விரல் கனத்துக்குக் காய்ந்த சருகு பரப்புங்கள். மாடி மழைத்தண்ணீர்க் குழாயில் ஒரு கிளையை இந்தப் பாத்திக்குத் திருப்பிவிடுங்கள். ஆண்டு முழுக்கச் சேர்ந்த உப்பைக் கழுவ ஐப்பசி, கார்த்திகை மழையை விட நல்லது வேறு இல்லை.

கேள்வி: மூன்று வருஷ மல்லிகை. இலையும் கொடியும் தளதளவென்று இருக்கிறது, பூ மட்டும் கைக்கு நாலுதான். யூரியா போட்டும் பலனில்லை.
- வாசகி, ஆனையூர்

பதில்: யூரியா போட்டதால்தான் பலனில்லை. தழைச்சத்து மட்டும் கொடுத்தால் கொடி ஓடும், மொட்டு கட்டாது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி நம் வீட்டு வாசலிலும் பூக்கும், ஆனால் அதற்குக் கத்தரிக்கோல் வேண்டும். நவம்பர் கடைசி வாரம் தரையிலிருந்து ஒன்றரை அடி, ஏறக்குறைய 50 செ.மீ. உயரத்தில் செடி முழுவதையும் வெட்டுங்கள். உள்ளே காய்ந்த, நோஞ்சான் கிளைகளை அடியோடு எடுங்கள். மனசு கேட்காது, செடி மொட்டையாகத் தெரியும். தை, மாசியில் வரும் புதுக் கிளையில்தான் பங்குனி, சித்திரைப் பூ.

தரையில் உள்ள வளர்ந்த செடிக்கு ஆண்டுக்குத் தொழுவுரம் 10 கிலோ, யூரியா 130 கிராம், சூப்பர் பாஸ்பேட் 750 கிராம், பொட்டாஷ் 200 கிராம். உரங்களை இரண்டாகப் பிரித்து, கவாத்துக்குப் பிறகு ஒரு பாதி, ஜூன்-ஜூலையில் மறுபாதி. தண்டிலிருந்து ஓர் அடி தள்ளிப் போட்டு மண்ணைக் கிளறி நீர் விடுங்கள். செடி நிழலில் இருந்தால் இத்தனையும் வீண். ஆறு மணி நேர வெயில் விழ வேண்டும்.

மொட்டு வந்தபின் கொத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டு மூன்று மொட்டுகள் நூலாம்படையால் ஒட்டி, பக்கவாட்டில் ஊசி குத்தினாற்போல் ஓட்டை இருந்தால் மொட்டுப்புழு. ஓட்டை இல்லாமல் மொட்டு ஊதாவாகி, அடி வீங்கியிருந்தால் மொட்டு ஈ. இரண்டுக்கும் முதல் வேலை, அந்த மொட்டுகளைப் பறித்து எரிப்பது. கீழே போட்டால் மண்ணுக்குள் போய் மறுபடி வரும்.

கேள்வி: எலுமிச்சைக் கன்றின் இலையில் பறவை எச்சம் மாதிரி ஒட்டியிருக்கிறது. இலை குறைந்துகொண்டே வருகிறது.
- வாசகர், உசிலம்பட்டி

பதில்: அது எச்சம் இல்லை, எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. குச்சியால் தொட்டால் நகரும். வளர்ந்தால் பச்சையாகி, சீண்டியதும் தலைக்குப் பின்னால் சிவந்த கொம்பு போல் நீட்டி நாற்றம் விடும். கையால் பொறுக்கி எடுத்தாலே போதும், ஒரு கன்றுக்கு மருந்து தேவையில்லை. காலையில் துளிர் இலைகளைத் திருப்பிப் பார்த்து, கடுகு அளவு மஞ்சள் முட்டைகளையும் நசுக்கிவிடுங்கள்.

கேள்வி: வாசலில் வைத்த இட்லிப்பூச் செடி மஞ்சளாகிவிட்டது. எங்களுடையது கரிசல் மண்.
- வாசகி, திருமங்கலம்

பதில்: நரம்பு பச்சை, நடு மஞ்சள் என்றால் முன்பு சொன்ன சுண்ணாம்பு நோய்தான். மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியவில்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்), அரை மூடி எலுமிச்சைச் சாறு கலந்து உடனே, மாலையில் தெளியுங்கள். கலந்து வைத்தால் துரு நிறமாகிக் கெட்டுவிடும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, புது இலை பச்சையாக வரும் வரை செய்யுங்கள். பழைய மஞ்சள் இலை முழுதாகத் தேறாது.

ஆனால் இட்லிப்பூ புளிப்பு மண்ணுக்கு, அதாவது அமிலத்தன்மையுள்ள மண்ணுக்குப் பிறந்த செடி. கரிசலில் அதைக் காலம் முழுக்க மருந்து கொடுத்துத்தான் வைத்திருக்க முடியும். தொட்டியில் செம்மண்ணும் தொழுவுரமும் நிரப்பி வையுங்கள். தரையில் நட நந்தியாவட்டை, காகிதப்பூ, நித்தியகல்யாணி நல்லவை. காகிதப்பூ பூக்காவிட்டால், இலை லேசாகத் துவளும் வரை தண்ணீரை நிறுத்துங்கள். அரளியும் நன்றாக வரும், ஆனால் இலை முதல் வேர் வரை விஷம். குழந்தையோ ஆடோ இருக்கும் வீட்டில் வேண்டாம்.

கேள்வி: மாதுளைக் காய் பழுக்கும் முன்பே வெடிக்கிறது.
- வாசகர், மேலூர்

பதில்: காயவிட்டுத் திடீரென்று நிறைய நீர் விடுவதுதான் காரணம். வறட்சியில் இறுகிய தோல், உள்ளே முத்து பருக்கும் வேகத்துக்கு விரியாது. பிஞ்சு விட்டதிலிருந்து ஒரே இடைவெளியில் நீர் விடுங்கள், பாத்தியில் சருகு மூடாக்கு போடுங்கள். லிட்டருக்கு 2 கிராம் போராக்ஸ் ஒரு முறை தெளிக்கலாம். பிஞ்சாக இருக்கும்போதே துணிப்பை கட்டினால் காய் துளைக்கும் புழுவும் வராது.

கேள்வி: ஆர்.ஓ. மெஷினில் வெளியேறும் தண்ணீரைச் செடிக்கு விடலாமா?
- வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். சாஃப்ட்னர் வைத்திருந்தால் அந்தத் தண்ணீரும் ஆகாது. சுண்ணாம்பை எடுத்துவிட்டுச் சோடியத்தை விடுகிற இயந்திரம் அது, மண் களிபோல் இறுகிவிடும். வீட்டில் ஏ.சி. இருந்தால் அதன் வடிகுழாயின் கீழே ஒரு வாளி வையுங்கள். உப்பே இல்லாத தண்ணீர் அது. இட்லிப்பூத் தொட்டிக்கு அதை ஊற்றுங்கள்.